மேற்படி நபருக்கு வயது ஐம்பத்திரண்டு

எனக்கு வந்த நோயின் பெயர் மனச்சோர்வு. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உங்களையும் அவ்வளவு நாள் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது நன்றாக இருக்கிறேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன். காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அபிஷேகப்பாக்கத்தில் என் மூன்று காணியிலும் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. என் பெயர் முருகையன். வெறும் முருகையன் என்று கேட்டால் ஊரில் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். மனுக்கார முருகையன் என்று கேளுங்கள், நேராக என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், பட்டாவில் பெயர் தப்பாக விழுந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் நாளது தேதி வரை வசித்து வருகிறார்' என்று ஆரம்பித்தால் ஒரே பக்கத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் என் கையெழுத்தைப் பார்த்தாலே மின்விசிறி வேகமாகச் சுற்றும் என்று என் மச்சான் கிண்டல் செய்வான். ஆஸ்பத்திரி விஷயமும் அப்படித்தான். யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதென்றாலும் துணைக்கு நான். எந்தக் கவுன்டரில் சீட்டு, எந்த மாடியில் எக்ஸ்ரே, எந்த வாட்ச்மேன் நல்லவர், எல்லாம் எனக்கு அத்துப்படி. இருபது வருஷமாக அடுத்தவருக்காக அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்காக ஒரு நாளும் நின்றதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

போன தை அறுப்பு முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால் அது நல்ல விளைச்சல் வருஷம். வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதன்பிறகு தூக்கம் கிடையாது. சோறு வாயில் சக்கையாகச் சுற்றும். யாராவது மனு எழுதச் சொல்லி வந்தால் 'நாளைக்கு வா' என்பேன். பாதி எழுதுவேன், கிழித்துவிடுவேன். குளிப்பதற்குக் கிணற்றடி வரை நடப்பதே ஒரு காணி உழுத மாதிரி களைப்பாக இருக்கும். துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கம் அழுதால் குறையும். எனக்கு அழுகையே வரவில்லை. நனைந்த சாக்கு மூட்டையை முதுகில் கட்டிவிட்டு யாரோ அவிழ்க்க மறந்துபோன மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் மகள் சங்கீதா. பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். சோரியாங்குப்பத்தில் தட்சிணாமூர்த்தி என்ற நல்ல குடித்தனக்காரர் வீட்டுப் பையனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பார்த்தாயிற்று, பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போயிற்று, ஆவணியில் நிச்சயம். 'பொண்ணோட அப்பனுக்கு மண்ட கோளாறாம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இங்கேதான் என் கதைக்குள் ஃபோன் நுழைகிறது. இங்கிலீஷில் மனு எழுத வேண்டி வந்தால் உதவும் என்று சங்கீதா என் ஃபோனில் ஒரு ஏஐ அரட்டைச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். நாம் கேட்டால் அது பதில் எழுதும். தமிழில் கேட்டால் தமிழிலேயே எழுதும், என்ன, ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ். ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அதைத் திறந்து உட்கார்ந்தேன். 'எனக்கு' என்று எழுத விரல் வரவில்லை. பழக்கம் என்ன செய்யும் பாருங்கள். இப்படி எழுதினேன்:

'பொருள்: என் மச்சானின் உடல்நிலை தொடர்பாக. மேற்படி நபருக்கு வயது ஐம்பத்திரண்டு. மேற்படி நபர் சில மாதங்களாகச் சரிவரத் தூங்குவதில்லை.'

என் மச்சான் ஏழுமலைக்கு வயது நாற்பத்தாறு. என் மனைவி வள்ளியின் தம்பி, பக்கத்துத் தெருவில் இருக்கிறான், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அவன் தலையில் என் நோயைத் தூக்கி வைத்தேனே தவிர, வயதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

'உங்கள் மச்சானுக்காக நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை பாராட்டுக்குரியது' என்று அது பதில் எழுதியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் எழுதினேன். டீக்கடையில் போய்ச் சொல்லாது, முகம் சுளிக்காது, 'இதெல்லாம் ஒரு நோயா, நாலு நாள் வயல்ல வேலை செஞ்சா சரியாப் பூடும்' என்று சொல்லாது. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு அப்படி? ஒன்பது கேள்வி கேட்டது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தார், எத்தனை நாள் பசியில்லை, எத்தனை நாள் தன்னையே தாழ்வாக நினைத்தார் என்கிற மாதிரி. மேற்படி நபருக்காக எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். 'நான் மருத்துவர் அல்ல. ஆனால் இது மனச்சோர்வாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், நீங்களும் கூடவே செல்லுங்கள்' என்றது. மச்சான் வர மாட்டேன் என்கிறான் என்று எழுதினேன். பாவம் அவன், அவனுக்கு எதுவுமே தெரியாது.

ஆடி மாதம் ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்துகொண்டு ஒரு வரி எழுதினேன்: 'மேற்படி நபர், இனி இருந்து என்ன பயன் என்று நினைக்கிறார்.'

அது எப்போதும் நீளமாக எழுதும். அன்றைக்குச் சுருக்கமாக எழுதியது. அவரைத் தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆபத்தான பொருட்கள் இருக்கிற இடத்தைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனே பேசுவதற்கு ஒரு உதவி எண்ணும் கொடுத்திருந்தது.

அரசாங்கத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்கிற ஆள் நான். எழுந்தேன். அப்படிப்பட்ட சாமான் இருக்கிற இடம் அந்த மோட்டார் கொட்டாய்தான், அதைப் பூட்டினேன். சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டேன். வரப்பில் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. பூட்டினவன் நான். சாவி என் இடுப்பில். யாருக்குப் பயந்து பூட்டினேனோ அவனும் நான்தான். அடப்பாவி, இது என்ன காவல்! அந்த வரப்பிலேயே குந்திவிட்டேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

நேராக ஏழுமலை வீட்டுக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். சாவியை நீட்டினேன்.

"இத நீ வச்சிக்க மாப்ள."

"இன்னா சாவி இது?"

"மோட்டார் கொட்டாய் சாவி. நான் கேட்டாலும் குடுக்காத."

"இன்னாத்துக்கு?"

ஃபோன் சொன்ன அடுத்த வேலையைச் செய்தேன். "டேய், உனக்கு சாவணும்னு தோணுதா?"

அவன் கையிலிருந்த பைப்பைக் கீழே போட்டான். "காலங்காத்தால இன்னா மாமா கேள்வி இது? எனக்கு டீ குடிக்கணும்னு தோணுது." சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. சாவியைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"டாக்டராண்ட போவலாமா மாமா?" என்றான், மெதுவாக.

"போவலாம். உன்னத்தான் காட்டணும்."

"என்னியா?" குழாயை மூடினான். "சரி. என்னையே காட்டு. வா, வண்டியில ஏறு."

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கூட்டம். அவன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். சீட்டு எழுதுகிற பெண், "பேஷண்ட் பேரு?" என்றாள். வாய் பழகிப்போயிருந்தது. "ஏழுமலை" என்றேன். "வயசு?" "ஐம்பத்திரண்டு." சீட்டை வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவுக்கு நடந்தேன். இருபது வருஷத்தில் அந்த வராந்தாப் பக்கம் மட்டும் நான் யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அங்கே எப்படி இருக்கும் என்று நான் பயந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கத்திக்கொண்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டும் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு காலேஜ் பெண் காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தை அப்படியே தூக்கி உள்ளே உட்கார வைத்தது போலத்தான் இருந்தது. அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவராகவே இருந்து தொலைத்தார். அவருக்கு நான் பட்டா மனு எழுதியிருக்கிறேன்.

"வாங்கய்யா, யார கூட்டியாந்தீங்க?" என்றார்.

"மச்சானுக்கு," என்றேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்த ஏழுமலை உடனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, நோயாளி மாதிரி உட்கார்ந்தான். எதற்காக என்று நான் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உள்ளே போனோம். சின்ன வயது டாக்டரம்மா. எங்கள் சங்கீதாவைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். ஏழுமலையை உட்காரச் சொன்னார். நான் பின்னால் நின்றேன்.

"சொல்லுங்க, தூக்கம் எப்படி இருக்கு?"

ஏழுமலை ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னான்: "மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதுங்க. எழுந்து மாட்டுக் கொட்டாய்ல போய் குந்திக்கிறேன். யாராச்சும் வந்தா சாணி அள்ற மாதிரி பாவ்லா காட்டுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

"சாப்பாடு?"

"எங்க அக்கா மீன் கொழம்பு வச்சா ரெண்டு தட்டு சாப்புடுற ஆளுங்க. இப்ப தட்டுல கைய வச்சிக்கினு அப்படியே குந்தியிருக்கறேன். அக்கா அந்தாண்ட போனா நாய்க்கு வச்சிடறேன்."

"யார்கூடயாவது சிரிச்சுப் பேசறீங்களா?"

"பொங்கலுக்கு சிரிச்சதுங்க. அதுக்கப்பறம் வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கல. மனு எழுத சொல்லி ஜனங்க வந்தா ஒளிஞ்சிக்கிறேன். பாதி எழுதிட்டு கிழிச்சிப் போடறேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க. ஃபெயிலு."

"மனு எழுதறீங்களா?"

ஏழுமலை மாட்டிக்கொண்டான். டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல பேஷண்ட் யாரு?"

ஏழுமலைக்குக் கண் கலங்கியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். மிச்சத்த நீதான் சொல்லணும்."

அவன் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். நான் உட்கார்ந்தேன். "நான்தாங்க," என்றேன். அதோடு அழுகை வந்தது. ஆறு மாதமாக வராத அழுகை. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தும் அவசரப்படுத்தவில்லை.

பதினொரு நாள் வார்டில் இருந்தேன். சாகிற எண்ணம் போகிறவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். ஏழுமலையே துணைக்கு இருந்தான். புதுச் சீட்டு என் பெயரில் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வருமாம், அதெல்லாம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். சர்க்கரை பார்த்தார்கள், மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சு எப்படி ஓடுகிறது என்று ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒன்பது கேள்வித் தாளையும் கையில் கொடுத்தார்கள். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஃபோன் கேட்ட அதே கேள்விகள். இந்தத் தடவை மேற்படி நபர் இல்லாமல் பதில் எழுதினேன். இருபத்தேழுக்கு இருபத்திரண்டு, மார்க் கூடக் கூட நோய் கடுமையாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

"காரணம் எதுவும் இல்லாம ஏன் வந்துது டாக்டர்?" என்று கேட்டேன். எல்லாருக்கும் காரணம் இருக்க வேண்டியதில்லை, நீங்கள் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை என்றார். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மோட்டாரும் நல்ல மோட்டார், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது, லோ வோல்டேஜ். மோட்டாரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மாத்திரை போட்ட அன்றைக்கே கேட்காது, இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. இதை டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். வயிறு பிரட்டியதும் உண்மை, நான்கு நாளில் நின்றதும் உண்மை.

வள்ளி முதல் நாள் சாயங்காலம் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏழுமலை எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், ஃபோன் விஷயத்தையும் சேர்த்து.

"ஃபோனாண்ட சொல்லத் தெரிஞ்சிது. என்னாண்ட சொல்லத் தெரில?"

"நீ பயப்படுவேன்னுதான்…"

"பயமா? ஆறு மாசமா நான் இன்னா ஆட்டம் ஆடிக்கினா இருந்தேன்? மூணு மணிக்கு எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போறத தம்பியாண்ட சொன்னதே நான்தான். சோறு மிஞ்சறது எனக்குத் தெரியாதா? நாயி பெருத்துக்கினே போவுது, அது எனக்குத் தெரியாதா? எப்பப் பாத்தாலும் ஃபோன பாத்து எழுதிக்கினே இருக்க. எவளோ ஒருத்தி மாட்டிக்கினாளோன்னு நெனச்சேன் நான்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வள்ளிக்கு மட்டும் வரவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். தூக்குவாளியில் ஒரு நாள் நெத்திலிக் குழம்பு, ஒரு நாள் கத்தரிக்காய்ப் பொரியல், ரசம் தனியாக. சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். வார்டில் நாய் இல்லை.

ஃபோனில் நான் எழுதியதை எல்லாம் டாக்டரம்மா கேட்டார், காட்டினேன். பொறுமையாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் 'மேற்படி நபர்' என்று முணுமுணுத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "அது சொன்னதுல பெரிய தப்பு எதுவும் இல்ல ஐயா. ஆனா அது உங்க முகத்தப் பாக்கல. நீங்க எழுதினத அப்படியே நம்பிடுச்சு. உங்க மச்சான் நம்பினாரா?" என்றார். அதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு தேவைப்படவில்லை. அதோடு பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது பற்றி அதனிடம் கேட்காதீர்கள், மனசு ரொம்ப மோசமானால் முதலில் ஒரு மனுஷரைக் கூப்பிடுங்கள் என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அதற்கும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு மாதம் பேசியிருக்கிறோம், மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? 'மேற்படி நபர் என்பது நான்தான்' என்று எழுதினேன். கோபித்துக்கொள்ளும் என்று ஒரு சின்னப் பயம்கூட இருந்தது. 'சொன்னதற்கு நன்றி. இனி உங்களிடமே கேட்கிறேன். இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா? உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?' என்றது. திரும்பிப் பார்த்தேன். தரையில் பாய் விரித்து, வாயைப் பிளந்துகொண்டு ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். 'மச்சான்' என்று எழுதினேன். அதற்கு நன்றாகக் குழம்பியிருக்கும்.

என்னைக் கேட்டால் அது பேயும் இல்லை, டாக்டரும் இல்லை. நான் ஊமையாக இருந்த நாட்களில் பேச ஒரு இடம் கொடுத்தது, நோயின் பெயரைச் சொன்னது. ஆனால் அது சொன்ன புத்தியெல்லாம் பக்கத்தில் நிற்கிறவனுக்கான புத்தி, பக்கத்தில் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டது நான். இதைத் தெரிந்த ஒருவருக்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு படிக்கிறவர்கள் இருப்பீர்கள். படியுங்கள், தப்பில்லை. சாவியை மட்டும் வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் படியுங்கள்.

ஒன்பதாம் நாள் அது நடந்தது. ஊரில் எனக்கு வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு சோரியாங்குப்பத்திலிருந்து தட்சிணாமூர்த்தி பார்க்க வந்துவிட்டார். வயிற்றுக்காரர்கள் வார்டில் தேடியிருக்கிறார், இல்லை. யாரோ இங்கே கை காட்டிவிட்டார்கள். வராந்தாவில் போர்டைப் படித்துக்கொண்டு அவர் நிற்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஏழுமலை பார்த்துவிட்டான். குதித்து வெளியே ஓடினான்.

"வாங்க வாங்க. மாமாவ தேடினீங்களா? அவுருக்கு ஒண்ணுமில்லீங்க, வயிறெல்லாம் சரியாப் போச்சி. எனக்குத்தான் கொஞ்சம் மண்ட சரியில்ல, இங்க சேத்திருக்காங்க. தொணைக்கு மாமா இருக்காரு."

எல்லாம் என் காதில் விழுந்தது. நியாயமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அப்படியே இருந்துவிடலாம், ஆவணி வந்துவிடும், நிச்சயம் முடிந்துவிடும். ஆனால் ஏழுமலைக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக்கு அவளுக்கும் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்த முட்டாள் அதை யோசித்தானா? யோசித்துத்தான் சொன்னான் என்பது அவன் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அந்த ஒரு மாதம் அவனுக்குத் தெரியாமல் என் நோயை அவன் தலையில் வைத்தேன், சரி. இப்போது தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தால், நான் பிழைத்து வந்து என்ன பிரயோஜனம்?

எழுந்து போனேன். கைலியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று சொன்னேன்: "அவன் சொல்றது பொய்யிங்க. எனக்குத்தான். மனச்சோர்வுன்னு பேரு. சாவலாமான்னு இருந்தேன், இவன்தான் கூட்டியாந்தான். மாத்திர சாப்புடறேன், இப்ப தேவல. ரெண்டு நாள்ல வூட்டுக்கு அனுப்பறாங்க."

தட்சிணாமூர்த்தி கையிலிருந்த சாத்துக்குடிப் பையைப் பார்த்தார். பிறகு அதை ஏழுமலையிடம் கொடுத்தார். "ஒடம்ப பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கெட்ட மனுஷர் இல்லை அவர், பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

"இன்னா மாமா இப்படி பண்ணிட்ட!" என்று ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்கு வார்டில் எனக்கு நல்ல தூக்கம்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் தரகர் வந்தார். உட்காரவில்லை. பையனுக்கு இந்த வருஷம் குரு பலம் இல்லையாம், தள்ளிப் போடுகிறார்களாம், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்றார். பொருத்தம் பார்த்த ஜோசியரே அவர்கள் வீட்டு ஜோசியர்தான். வள்ளி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்தபோது இல்லாத பயம் இப்போது வந்தது. சங்கீதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, கூடத்தில் நோட்டுக் கட்டை விரித்துத் திருத்த உட்கார்ந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். தரகர் வந்துபோனதைச் சொன்னேன்.

"தெரியும்பா. அவங்க புள்ளையே ஃபோன் பண்ணாரு. வூட்ல சொல்றத மீற முடியலயாம்."

"என்னாலதாம்மா போச்சு. அன்னிக்கு நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா…"

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். கண் சிவந்துதான் இருந்தது, அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். கோபமாகத்தான் கேட்டாள்.

"ஏம்பா, அந்த வூட்டுக்கு நான் போய், நாளைக்கு எனக்கு இதே மாதிரி ஒடம்பு சரியில்லாம போச்சுன்னா, யார் பேர்லப்பா சீட்டு எழுதுவாங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.